தகட்டில் இருந்த பெயர்

ரோஜாவை நீளம் அளந்து பிரிப்பது என் வேலை,
தளிக்கு வெளியே ஒரு பண்ணையில்.
நாற்பது, ஐம்பது, அறுபது சென்டிமீட்டர்.
அறுபது விமானம் ஏறும்.
நாற்பதுக்குக் கீழே எருக்குழி.

அங்கே ஒரு வருஷம்
எட்டாம் குடிலுக்குப் பின்னால்
கோரை மாதிரி ஒன்றை நட்டுப் பார்த்தார்கள்.
பெங்களூர் வியாபாரி வந்தான்,
"இதை எவள் தலையில் வைப்பாள்?" என்றான், போனான்.
லோகேசப்பா பிடுங்கச் சொன்னார்.
பிடுங்கியவள் நான்.
இரண்டு தூரை மட்டும் சோற்றுப் பையில் போட்டுக்கொண்டேன்.
திருட்டு இல்லை. குப்பைக்குப் போகவிருந்ததுதான்.

கூடவே வந்த தகட்டில் பெயர் இருந்தது:
ரெட் ஹாட் போக்கர்.
மகள் நவ்யா போனில் தேடிச் சொன்னாள்,
"பழுக்கக் காய்ச்சின கம்பிம்மா. சூட்டுக்கோல்."
தகட்டை வாங்கி
சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் செருகிவிட்டேன்.

என் வயிற்றில் மூன்று கோடு உண்டு.
நாலு வயதில் காமாலை.
அஞ்செட்டி தாண்டி ஒரு கொட்டகை.
கம்பி எப்படி இருந்தது என்று நினைவில்லை.
அப்பா என் கால்களைப் பிடித்திருந்தார்,
அது நினைவிருக்கிறது.
மஞ்சள் இறங்கியது கம்பியாலா கீழாநெல்லியாலா,
இரண்டும் அதே வாரம் கொடுத்தார்கள்,
யாரும் பிரித்துச் சொன்னதில்லை.

முதல் தூர் ஐப்பசி மழையில் அழுகியது.
தண்ணீர் தேங்கினால் ஆகாது அதற்கு.
இரண்டாவதை
செம்மண்ணோடு குவாரிச் சல்லி கலந்து
மேடு கட்டி வைத்தேன்,
கழுத்து மண்ணில் புதையாமல்.
ஒரு வருஷம் இலை, இலை, இலை.
பக்கத்து வீட்டு யசோதம்மா கேட்டாள்,
"பாய் பின்னப் போறியா?"
அவள் ஆடு ஒருநாள் வந்து கடித்துப் பார்த்துத் துப்பியது.
தை மாதம் குளிர் புல்லைப் பொசுக்கியபோது
இலைகளை வாரிச் சேர்த்து
உச்சிக்கொண்டை போட்டுவிட்டேன்,
குருத்துக்குள் பனி இறங்காமல்.
நவ்யாவுக்குக்கூட அவ்வளவு பொறுமையாய்ச் சீவியதில்லை.

அடுத்த மாசியில்
தண்டு ஒன்று வந்தது, பிறகு நான்கு.
என் இடுப்பு உயரம். அளந்தேன், பழக்கதோஷம்:
எண்பத்தைந்து.
நுனி செக்கச் சிவப்பு.
கீழிருந்து மேலாக மலர்கிறது,
மலர்ந்தது மஞ்சளாகிறது,
மஞ்சளானது காய்ந்து தொங்குகிறது.
நான் குழாயை மூடாமல் நின்றுவிட்டேன்.
மஞ்சளை விரட்டத்தானே அன்று சிவப்பை வைத்தார்கள்.
இங்கே சிவப்பு தானாகவே
மஞ்சளாக இறங்கி வருகிறது,
அவசரமே இல்லாமல்.
தண்ணீர் வாசல் தாண்டி ரோட்டுக்கு ஓடியிருந்தது.

பங்குனியில் அப்பா வந்தார்,
கண் ஆபரேஷன் முடிந்து, கறுப்புக் கண்ணாடியோடு.
காபி குடித்த டம்ளரைக் கீழே வைக்காமலே
பாத்தியருகில் போய் நின்றார்.
தேன்சிட்டு ஒன்று தலைகீழாகத் தொங்கிக் குடித்துக்கொண்டிருந்தது.
அது போனதும்
விரலை நீட்டினார்.
நுனிக்கு ஓரங்குலம் முன்பே இழுத்துக்கொண்டார்.

"சுடாதுப்பா," என்றேன்.

என்னைத் திரும்பிப் பார்த்தார்.
கண்ணாடிக்குள் என்ன என்று தெரியவில்லை.
பிறகு தொட்டார், கீழே மஞ்சளில் தொடங்கி
மெல்ல மேலே.
"பேர் என்ன?"
"தெரியல. வெளியூர்ப் பூ."
உள்ளே சர்க்கரை எடுத்துக்கொண்டிருந்த நவ்யா
எட்டிப் பார்த்தாள்.
நான் தலையாட்டவில்லை. அவளும் வாயைத் திறக்கவில்லை.

மாலை பஸ்ஸுக்கு முன்
கடப்பாரையால் தூரை இரண்டாகப் பிளந்து
ஈரச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தேன்.
தண்ணீர் தேங்கக் கூடாது. கழுத்தைப் புதைக்கக் கூடாது.
முதல் வருஷம் பூக்காது, பிடுங்கிவிடாதீங்க.
எல்லாவற்றுக்கும் சரி சரி என்றார்.
அஞ்செட்டி வரைக்கும் மடியில் வைத்து,
இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு போனாராம்.
கண்டக்டர் லக்கேஜ் கேட்டானாம்.
பிள்ளை மாதிரி, டிக்கெட் இல்லை என்றாராம்.